மூன்றாவது ஓட்டை

மே 2, வியாழன்

பால் சொசைட்டியில் ஜனவரியில் கொடுத்த டைரி. இத்தனை நாள் அலமாரியில் கிடந்தது. மறந்துபோகும் என்பதற்காக எழுதவில்லை. எனக்கு எதுவும் மறக்காது. நாளைக்கு யாராவது நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்தால் எடுத்துக் காட்டுவதற்காக எழுதுகிறேன். நாலாவது வரைக்கும் படித்தது இதற்காவது ஆகட்டும்.

இன்று தனசேகர் வந்தான். என் மருமகள் கோகிலவாணியின் அண்ணன். உடுமலையிலிருந்து பஸ் ஏறி வந்தவன், நான் கொடுத்த காபியைப் பாதியில் வைத்துவிட்டுத் தங்கையிடம் பேசினான். என்னிடம் சொல்லவில்லை, ஆனால் எனக்குக் கேட்கிற சத்தத்தில் சொன்னான். மாப்பிள்ளை போய் வருஷம் திரும்பப் போகிறது, இங்கே யாரை நம்பி உட்கார்ந்திருக்கிறாய், வீட்டோடு வந்துவிடு, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வந்தால் நேத்ராவை அங்கேயே சேர்த்துவிடலாம் என்று. மாப்பிள்ளை என்றது என் மகன் மகேந்திரனை. நேத்ரா என் பேத்தி, மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள்.

கோகிலா, "பாக்கலாமுண்ணா" என்றாள். வரவில்லை என்று சொல்லவில்லை.

போனால் போகட்டும். வீடு விஸ்தாரமாக இருக்கும். கல்யாணமாகி வந்த முதல் பொங்கலுக்கு, அத்தனை பேர் இலையில் உட்கார்ந்திருக்கும்போது, சாம்பாரில் உப்புக் கூட என்று சொன்னவள்தானே. காபி டம்ளரைக் கழுவாமல் ராத்திரி வரை அப்படியே வைத்திருந்தேன்.

மே 5, ஞாயிறு

கோகிலா ஒரு யோசனை சொன்னாள். அவள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மோட்டாருக்கு டைமர் போர்டு செய்கிற கம்பெனியில் ஈயம் வைக்கிற வேலை பார்த்தவள். கம்பெனியை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டதால் மூன்று பஸ் மாற வேண்டும் என்று நின்றுவிட்டாள். இப்போது வேலை தெரிந்த பெண்களுக்கு வீட்டுக்கே போர்டு கொடுக்கிறார்களாம். முதலில் ஒரு லாட்டு, அதாவது ஒரு கட்டு போர்டு, பரீட்சைக்கு. அது சுத்தமாக வந்தால் மாசா மாசம் வரும். ஆனால் ஈயம் உருக்குகிற சாதா அயர்ன் ஆகாது, சூடு நிலையாக நிற்கிற சால்டரிங் ஸ்டேஷன் வீட்டில் இருக்க வேண்டும் என்று கண்டிஷன்.

"அது சரியா வந்துச்சுன்னா இங்கயே இருந்துக்கலாமுங்கத்தை. வரலைன்னா அண்ணன் சொல்றதுதான்."

இதைச் சொன்ன தேதியை மேலே எழுதியிருக்கிறேன்.

நாளைக்குக் கடைக்குக் கூட வருகிறீர்களா என்று கேட்டாள். எனக்கு அங்கே என்ன வேலை என்றேன். பச்சைக் கரைச் சேலையை எடுத்து வைத்திருக்கிறேன்.

மே 6, திங்கள்

கரண்டு சாமான் கடைகள் எல்லாம் ஒரே சந்தில் இருக்கின்றன. கோகிலா முதலில் நுழையப் போன கடைக்குள் நான் கால் வைக்கவில்லை. எண்பத்தொன்பதில் மிக்சிக்குக் கார்பன் மாற்றப் போனபோது, "வீட்டம்மா பேசாம இருந்தாங்கன்னா வேலை சீக்கிரம் முடியும்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்ன ஆளின் கடை. இப்போது மகன் உட்கார்ந்திருக்கிறான். அதே மூக்கு. அடுத்த கடைக்குப் போனோம்.

கடைக்காரர் மூன்று விதம் எடுத்து வைத்தார். ஒன்று வெறும் கம்பி மாதிரி, நேரே பிளக்கில் சொருகுவது. அது சூடு ஏறிக்கொண்டே போகுமாம், போர்டில் இருக்கிற செம்புக் கோடே உரிந்து வந்துவிடுமாம். கோகிலா அதைத் தொடவே இல்லை. மூன்றாவது பெரிய பெட்டி, சூடு காற்றும் அடிக்கும், நம்பர் நம்பராக எரிந்தது. அது செல்போன் ரிப்பேருக்கு, நமக்கு வராத வேலை என்று தள்ளினாள். கடைக்காரர் அதைத்தான் விற்கப் பார்த்தார். இவள் அசையவில்லை. சேலை எடுக்கப் போனால் முதலில் காட்டியதை வாங்கிக்கொண்டு வருகிறவள்.

நடுவில் இருந்தது சின்னப் பெட்டி. திருகினால் எத்தனை சூடு வேண்டுமோ அதில் நிற்கும். ஸ்டாண்டில் வைத்துவிட்டு எழுந்து போனால் தானே சூட்டைக் குறைத்துக்கொள்ளும். கோகிலா அந்தப் பேனா போன்ற கைப்பிடியை எடுத்து விரலில் பிடித்துப் பார்த்தாள். ஒயரை வளைத்து வளைத்துப் பார்த்தாள். விறைப்பான ஒயராக இருந்தால் சாயங்காலத்துக்குள் மணிக்கட்டு போய்விடுமாம். சூடு பண்ணச் சொல்லி, தடிமனான ஒரு தகரத்தில் ஈயம் வைத்துப் பார்த்தாள். தகரம் சூட்டை இழுத்துக்கொண்ட பிறகு மறுபடி எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்று பார்க்கிறதாம். மகேந்திரன் பெண் பார்க்கப் போன அன்று இவள் குனிந்த தலை நிமிரவில்லை. இன்றைக்குத்தான் இவள் முகத்தை முழுசாகப் பார்க்கிற மாதிரி இருந்தது.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். முனையில் இருக்கிற பிட்டு தேய்ந்தால் தனியாகக் கிடைக்குமா, எவ்வளவு நாள் வரும்? கிடைக்கும், நன்றாகத் துடைத்து வைத்துக்கொண்டால் அரை வருஷம் வரும், இரண்டு மூன்று சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

கோகிலா, "இப்போதைக்கு அதுலயே வர்ற ஒண்ணு போதுமுங்க" என்றாள்.

இப்போதைக்கு.

பில் போடும்போது கடைக்காரர், "இது மூணு பின்னுங்க. வீட்ல எர்த் இருக்குதுங்களா?" என்று கேட்டார். கோகிலா என்னைப் பார்த்தாள்.

"பிளக்குல மூணு ஓட்டையும் இருக்குது" என்றேன். இருக்கிறது. போய் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

மே 8, புதன்

மகேந்திரனின் கம்ப்யூட்டர் மேஜையை ஜன்னலோரம் போட்டிருக்கிறோம். ஈயம் உருகும்போது வருகிற புகை சாம்பிராணி போட்ட மாதிரி இருக்கிறது. நேத்ரா பாப்பா மேஜைக்குக் கீழே படுத்துக்கொண்டு படம் வரைகிறாள். மாவு அரைத்தேன்.

மே 10, வெள்ளி

கத்தரிக்காய் பூராவும் பூச்சி. காய்க்காரனிடம் போன வருஷமும் இதே வெள்ளிக்கிழமை ஏமாந்தேன்.

மே 13, திங்கள்

"ஏனுங்கத்தை, அந்த முனைக்கிட்ட இருக்கிற இரும்புல கைபட்டா சுருசுருங்குது" என்றாள் கோகிலா. தரையைத் துடைத்த ஈரம் காயவில்லை, அதனால்தான் என்றேன். செருப்புப் போட்டுக்கொள் என்று சொல்லி, வாசலில் கிடந்த அவளுடைய ரப்பர் செருப்பை நானே கழுவிக் கொண்டுவந்து மேஜைக்கடியில் போட்டேன்.

அவள் செருப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இந்த வீட்டுக்குள் செருப்பு வந்ததில்லை. மகேந்திரன் காலில் ஆணி குத்திக் கட்டுப் போட்டிருந்தபோதுகூட வாசலோடு கழற்ற வைத்தேன்.

மே 17, வெள்ளி

லாட்டு திரும்பி வந்துவிட்டது. ஈயம் வைத்ததில் குறை இல்லையாம், ஒவ்வொன்றும் மணி மாதிரி இருக்கிறதாம். ஆனால் கால்வாசி போர்டில் ஐசி என்கிற கறுப்புச் சில்லு செத்துப்போய்விட்டது. கம்பெனி சூப்பர்வைசர் போனில் சொன்னதை கோகிலா என்னிடம் அப்படியே சொன்னாள். அயர்ன் முனையிலிருந்து கரண்டு கசிந்து ஐசியைக் கொன்றிருக்கிறது, வீட்டில் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள், பழகினவள் என்பதால் இன்னும் ஒரு லாட்டு தருகிறேன், அதோடு சரி.

அவள் அழவில்லை. செத்த போர்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெண்டைக்காய் தீய்ந்துவிட்டது.

மே 18, சனி

எலக்ட்ரீசியன் ஜாபரைக் கூட்டிவந்தாள். பிளக்கைக் கழற்றினான். மேலே இருக்கிற பெரிய ஓட்டையிலிருந்து போகிற ஒயரைப் பிடித்துக்கொண்டே அறை அறையாகப் போய், பின்சுவரோரம் வெளியே வந்து நின்றான். ஒயர் சுவர்மேல் ஏறி, உச்சியில் மொட்டையாக நின்றது.

"ஆத்தா, இது எங்கயும் போகலை. யாரோ அறுத்துட்டாங்க."

கோகிலா ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

அறுத்த கதையை எழுதி வைக்கிறேன். தொண்ணூற்றாறாம் வருஷம் தை மாதம், என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் பாகம் பிரித்தார்கள். முன்பாதி எங்களுக்கு. கிணறும் தென்னையும் மண்தரையும் உள்ள பின்பாதி அவர்களுக்கு. நடுவில் சுவர். எர்த் கம்பி புதைத்த குழி பின்பாதியில் போய்விட்டது. சுவர் வைக்கிற அன்று என் ஓரகத்தி சாந்தாமணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "எங்க மண்ணுல இவிய கம்பி எதுக்கு?" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. கொத்தனாரிடம் சொன்னாள், எனக்குக் கேட்கிற சத்தத்தில். விளக்கு வைப்பதற்குள் என் வீட்டுக்காரரை ஏணி போட வைத்து அறுத்துவிட்டேன். உன் மண்ணு எனக்கு வேண்டாம்.

அதற்குப் பிறகு கெட்டதுக்கு மட்டும் ஒருவர் வாசலை ஒருவர் மிதித்திருக்கிறோம். கொழுந்தன் போனபோது நான் போனேன். என் வீட்டுக்காரர் போனபோது அவள் வந்தாள். மகேந்திரனுக்கும் வந்தாள். மூன்று முறையும் பேச்சு இல்லை.

மே 20, திங்கள்

முன்வாசலிலேயே புதுக்குழி தோண்டு என்று ஜாபரிடம் சொன்னேன். சிமிட்டித் தரையை உடைத்தான். என் வீட்டுக்காரர் பூசின தரை. முழங்கால் ஆழம்கூடப் போகவில்லை, பாறை. வேறு இடம் காட்டினேன். அங்கே குடிதண்ணீர்க் குழாய். மறுபடி வேறு இடம். பாறை.

"பாறையில கம்பி அடிச்சா பேருக்குத்தான் ஆத்தா எர்த்து. ஈர மண்ணு வேணும். பின்னாடி ஊட்ல கேட்டா ஒரு நிமிச வேலை."

கேட்கிற பேச்சே இல்லை என்றேன்.

"விடுங்கத்தை" என்றாள் கோகிலா. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சமையலறையிலிருந்து கேட்டேன், போனில் அண்ணனிடம் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள்.

மே 22, புதன்

பரண் மேலிருந்து சூட்கேஸை இறக்கித் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறாள். பாப்பா அதற்குள் உட்கார்ந்து விளையாடினாள்.

ஸ்டேஷன் வந்த அட்டைப்பெட்டி எங்கே என்று கேட்டாள். தெரியாது என்றேன். அதில் மிளகாய் வற்றல் போட்டு என் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன்.

பாப்பா, "அப்பத்தா, உடுமலைக்கு நீயும் வருவியா?" என்று கேட்டாள். அங்கே யார் எனக்கு இருக்கிறார்கள் என்றேன். "நான் இருப்பேனே" என்றது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

மே 23, வியாழன்

சாந்தாமணி வீட்டுக்குப் போனேன்.

சுவருக்கு அந்தப் பக்கம்தான். ஆனால் அவள் வாசல் பின்தெருவில். கோயில் முனை வரைக்கும் போய்ச் சுற்றி வர வேண்டும். வெறுங்கையோடு போகக் கூடாது, பலகாரம் கொண்டுபோகிற உறவும் இல்லை. ஒரு பொட்டலம் கல் உப்பு எடுத்துக்கொண்டேன். எர்த் குழிக்கு உப்புப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால்தான் பிடிக்கும் என்று ஜாபர் சொன்னான். தோண்டும்போது.

அவள் கல்லில் கம்பளி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா" என்றாள், தலையைத் தூக்காமல்.

"உக்கார வரலை."

"அது தெரியுதுங். சிமிட்டி உடைச்ச சத்தம் இங்கயும் கேட்டுது. உங்க பக்கம் பூராவும் பாறைதானுங்களே."

"தெரிஞ்சும் சொல்லலை."

"நீங்க கேக்கலையே."

வழியெல்லாம் ஒரு பேச்சை அடுக்கி வைத்துக்கொண்டு வந்திருந்தேன். பாகப் பத்திரத்தில் எர்த் பொது என்று எழுதாவிட்டாலும் குழி தோண்டினது என் மாமனார், அதில் எனக்கும் பாத்தியம் உண்டு என்று ஆரம்பிக்கிற பேச்சு. வாயைத் திறந்தால் அது வரவில்லை.

"பாப்பாளைக் கூட்டிட்டுப் போயிருவாளாட்ட இருக்குது, சாந்தா."

இதை நான் சொல்ல நினைக்கவில்லை. இருமல் வருகிற மாதிரி வந்துவிட்டது. அந்தப் பெயரைக் கூப்பிட்டே எத்தனையோ வருஷம் ஆகிறது.

அவள் கம்பளியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சுவரோரம் போனாள். நானும் போனேன். வாழைக்குப் பின்னால் எர்த் குழி. பக்கத்தில் சுவரில் ஓர் ஆணி. ஆணியில் கம்பியைச் சுருட்டி மாட்டியிருந்தது. அறுந்த முனைக்கு பிளாஸ்டிக் தாள் சுற்றி நூல் கட்டியிருந்தது. நூல் புதுசு.

"உங்க பக்கம் நீங்க அறுத்தீங்க. என்ற பக்கம் அறுக்கச் சொல்லி நான் ஒருத்தருக்கும் சொல்லலை."

"எதுக்கு வெச்சிருக்கிறே?"

"துணி காயப்போட."

அவள் துணிக்கொடி நைலான் கயிறு, கிணற்றிலிருந்து தென்னைக்குக் கட்டியிருக்கிறது. இந்தக் கம்பியில் ஒரு கைக்குட்டை காய்ந்ததற்குக்கூட அடையாளம் இல்லை. எழுதி வைக்கிறேன்.

வந்ததுதான் வந்தேன், கேட்டுவிடலாம் என்று கேட்டேன். "எங்க மண்ணுல இவிய கம்பி எதுக்குன்னு சொன்னியே. இல்லைம்பியா?"

"சொன்னேன். அதுக்கு முந்துன நாள் எங்கப்பன் ஊட்டுச் சீர் அண்டாவைப் பாத்து, ஈயம் பூசாத அண்டாவைக் குடுத்து ஏமாத்திப்போட்டாங்கன்னு சொன்னீங்க. இல்லைம்பீங்களா?"

அந்த அண்டாவில் ஈயம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் இவளுக்கு இவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. என் குடும்பத்தில் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

உப்புப் பொட்டலத்தை வாங்கிக் குழிக்குப் பக்கத்தில் வைத்தாள். "கம்பியைச் சேத்துக்கங்க. ஆனா தண்ணி நீங்கதான் வந்து ஊத்தோணும். வெள்ளிக்கு வெள்ளி. எனக்கு முட்டிவலி."

முட்டிவலிக்காரி குத்தவைத்துக் கம்பளி துவைக்கிறாள்.

மே 24, வெள்ளி

ஜாபர் சுவர்மேல் உட்கார்ந்து இரண்டு முனையையும் சேர்த்தான். பிறகு பிளக்கில் கரண்டு வருகிற ஓட்டையில் ஒரு ஒயரும் பெரிய ஓட்டையில் ஒரு ஒயரும் வைத்து ஒரு பல்பைக் காட்டினான். பளீரென்று எரிந்தது. கோகிலா ஸ்டேஷனைப் போட்டாள். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று அந்த இரும்பைத் தொட்டாள். நான் சாமி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணும் இல்லைங்கத்தை."

செருப்பை எடுத்துக்கொண்டுபோய் வாசலில் போட்டுவிட்டுக் கை கழுவிவிட்டு வந்தாள். என்னிடம் வந்து நின்றாள். நான் எங்கே போய்விட்டு வந்தேன் என்று அவளுக்குத் தெரியும், பின்தெருவே சொல்லியிருக்கும். என் தோளில் ஒட்டியிருந்த சிமிட்டித் தூசியைத் தட்டிவிட்டாள்.

மே 26, ஞாயிறு

தனசேகர் வந்தான். கோகிலா மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. இந்த லாட்டு முடியட்டும் அண்ணா, அப்புறம் பேசலாம் என்று ஈயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவன் என்னிடம் வந்தான்.

"நீங்களாச்சும் எடுத்துச் சொல்லக்கூடாதுங்களா அத்தை?"

"உன்ற தங்கச்சி என்னைக்கு என்ற பேச்சைக் கேட்டா?" என்றேன். இட்லி வைத்தேன். ஆறு சாப்பிட்டான். காபியையும் முழுசாகக் குடித்தான்.

மே 31, வெள்ளி

குழிக்குத் தண்ணீர் ஊற்றினேன். சாந்தாமணி வெளியே வரவில்லை. ஜன்னலில் நின்று பார்த்தாள்.

சாயங்காலம் கம்பெனியிலிருந்து போன். ஒரு போர்டுகூடச் சாகவில்லை. அடுத்த லாட்டுக்கு வந்து எடுத்துப் போகச் சொன்னார்கள். பாயசம் வைத்தேன். நாட்டுச் சர்க்கரை தீரவேண்டியிருந்தது, அதனால்தான்.

ஜூன் 7, வெள்ளி

உப்பும் தண்ணீரும். இன்றைக்குச் சாந்தாமணி வெளியே வந்து, "குழிக்கு உப்புக் கூட போடாதீங்கக்கா, வாழை பட்டுப்போயிரும்" என்றாள். எல்லாருக்கும் என் உப்புதான் கண்ணில் படுகிறது.

திரும்பும்போது காபி கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் கையில் வைத்துவிட்டாள். சர்க்கரை இல்லாத காபி. எனக்குச் சர்க்கரை வியாதி வந்தது மகேந்திரன் போன பிறகு. இவளிடம் நான் சொல்லவில்லை. யார் சொன்னது என்று விசாரிக்க வேண்டும்.

ஜூன் 10, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாச்சு. பாப்பா பழைய பள்ளிக்கூடத்துக்கே புதுப் பையோடு போனாள். சூட்கேஸ் பரணுக்குப் போய்விட்டது. நான் ஏற்றவில்லை, நான் சொல்லவும் இல்லை. மிளகாய் வற்றலை டின்னில் கொட்டிவிட்டு, அட்டைப்பெட்டியைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

கோகிலா கம்பெனிக்குப் போய் லாட்டு எடுத்துக்கொண்டு, வரும் வழியில் அந்தக் கடைக்கும் போயிருக்கிறாள். ஒரு சின்னப் பாக்கெட்டை மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். திறந்து பார்த்தேன். பிட்டு. முதலில் வந்த பிட்டே இன்னும் தேயவில்லை. ஒன்று அரை வருஷம் வரும் என்று கடைக்காரர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

எண்ணிப் பார்த்தேன். இரண்டு தரம் எண்ணினேன்.

எத்தனை என்று இதில் எழுதப்போவதில்லை. கண் பட்டுவிடும்.